புல்லுக்கட்டும் கினிபிக்கும்

என்னிடம் கினிபிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எத்தனை அடியில் செய்விப்பது, வலை எங்கே கிடைக்கும், என்ன செலவு வரும் என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டுல யாராவது மாடு வளர்த்திருக்காங்களா?" பதுளைப் பக்கம் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்கிறவர் குறைவு. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, பின்னேரம் தலையில் ஒரு புல்லுக்கட்டோடு லயத்துக்கு இறங்கி வருகிற அம்மாமாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எந்தப் புல் எந்த மாதத்தில் முற்றும், எந்தச் சரிவில் இளசாகக் கிடைக்கும், எதை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும் என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் பேச்சோடு பேச்சாக வரும். கினிபிக் வளர்ப்பில் முக்கால் பங்கு அந்த அறிவுதான். மிச்சக் கால் பங்கில் அது மாட்டிலிருந்து வேறுபடுகிறது. கைக்கு வந்த கினிபிக் செத்துப்போவது பெரும்பாலும் அந்தக் கால் பங்கு தெரியாததால்தான்.

நான் இதைக் கற்கத் தொடங்கியது கொழும்பில். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரைப் போல நானும் பள்ளிக்கூடம் முடிந்ததும் கடைவேலைக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பாட்டுக் கடைக்கும் புடைவைக் கடைக்கும் போனார்கள். எனக்குக் கிடைத்தது செல்லப்பிராணிகள் விற்கிற கடை. மீன்தொட்டி கழுவுவது, கிளிக்கூடு துடைப்பது, நாய்க்குட்டிக்குச் சாப்பாடு வைப்பது என் வேலை. முயலும் கினிபிக்கும் ஒரே கூட்டில் இருந்தன. காலையில் ஒரு கைப்பிடி முயல் தீனி, பின்னேரம் ஒரு வெள்ளரித் துண்டு, அவ்வளவுதான். தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்க வேகும். வாங்கிக்கொண்டு போனவர் ஒரு மாதம் கழித்து வந்து செத்துப்போய்விட்டது என்பார். "இது அப்படித்தான், ரொம்ப நாள் இருக்காது" என்று சொல்லி இன்னொன்றை விற்பார்கள். ஒழுங்காகப் பார்த்தால் ஐந்து முதல் எட்டு வருடம் வாழ்கிற பிராணி அது.

அந்தக் கடைக்கு நாய்களுக்கு ஊசி போட வருகிற மிருக வைத்தியர் ஒருவர், பேராதனையில் படித்தவர், ஒருநாள் கூட்டைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார்: முயலைப் பிரி, புல் போடு, வெக்கையிலிருந்து எடு. முயலின் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும் போர்டெட்டெல்லா என்ற கிருமி, கினிபிக்கின் நுரையீரலில் புகுந்தால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்பதை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற இரண்டுக்கும் காரணத்தைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

2020 மார்ச் தொடக்கத்தில் கோயில் திருவிழாவுக்கென்று இரவு ரயிலில் பதுளைக்கு வந்தேன். பிரம்புக் கூடை ஒன்றில் இரண்டு பெட்டையும், தனிப் பெட்டி ஒன்றில் ஒரு கடுவனும் கூடவே வந்தன. 20ஆம் திகதி கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொழும்புக் கடை மூடிக் கிடந்தது. நானும் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் எல்லாம் எங்கள் இஸ்தோப்பில் வந்து குந்திக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்டா, பாலும் கறக்க ஏலாது, வெட்டித் திங்கவும் ஏலாது. இதுக்குப் போயி எதுக்குடா புல்லு அறுத்துக்கிட்டுத் திரியிற?"

"பெரியம்மா, இது பொறந்த ஊருல வெட்டித்தான் திங்கிறாங்க" என்றேன். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சொன்னது உண்மைதான். பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளின் அந்தீஸ் மலைக் குடியானவர்கள் பல்லாயிரம் வருடமாக இதை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அடுப்படியின் மண் தரையிலேயே ஓடித் திரியும். காய்கறித் தோலும் வெட்டிவந்த புல்லும் அதன் சாப்பாடு. 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அது செல்லப்பிராணி ஆனது. ஆகவே இது மலைப்பிராணி. குளிரைச் சமாளிக்கும், வெக்கையைத் தாங்காது. 18 முதல் 24 பாகை வரை அதற்கு இதமானது. 30ஐத் தொட்டால் படுத்துவிடும், வாயால் எச்சில் வடியும், சில மணி நேரத்தில் செத்தும் போகும். கொழும்பில் அது வாடியதும் இங்கே கொழுத்ததும் அதனால்தான். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். அங்கிருந்து 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலைப்பக்கம் ஏற ஏற, காசு கொடுக்காமல் கிடைக்கிற குளிர் இது. பதுளை டவுனில் தகரக் கூரை வீட்டில் வளர்க்கிறவர்களிடம், மத்தியானத்தில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் போடச் சொல்வேன். அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இனி புல்லுக்கு வருகிறேன். கினிபிக்கின் வாயில் 20 பல். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் அவை தேயும். தீனியும் கெரட்டுமாகத் தின்று வளர்ந்த கினிபிக்கின் கடைவாய்ப் பல் வளைந்து நாக்கின்மேல் வளர்ந்து நிற்கும். சாப்பாட்டுக்கு ஓடி வரும், முகரும், ஆனால் தின்ன முடியாது. வயிறும் அப்படித்தான். புல் புளித்துச் செரிக்கிற பெரிய பை ஒன்று குடலில் இருக்கிறது. அது ஓயாமல் ஓட வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கவலைப்பட வேண்டும், ஒரு நாள் என்றால் உயிருக்கே ஆபத்து. தன் புழுக்கையில் மென்மையாக வருவதைக் குனிந்து திரும்பவும் தின்னும். அருவருக்க வேண்டாம், அதில்தான் அதற்குச் சத்து இருக்கிறது.

எங்கள் பாதையோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும் கினிப்புல்தான் என் மூலதனம். பூக்குமுன் இருக்கும் இளம் தாளை அறுப்பேன். மண்ணைத் தேற்றத் தோட்டத்தில் நடுகிற குவாத்தமாலாப் புல்லின் கொழுந்து இலையையும் நறுக்கிப் போடலாம். அறுத்த புல்லைச் சாக்கில் அடைத்து மூலையில் வைக்கக் கூடாது. ஈரப்புல் சாக்குக்குள் சூடேறிப் புளித்துவிடும். அதைத் தின்றால் வயிறு ஊதும். கொண்டுவந்ததும் இஸ்தோப்பில் பரப்பி ஆற விடுவேன். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் காய்ந்த கச்சான் காற்றில்தான் எங்கள் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது. அந்த மூன்று மாதத்தில் நான் நிழலில் புல்லைக் காயவைத்துக் கட்டுக் கட்டாக அட்டாலியில் ஏற்றிவிடுவேன். நவம்பரில் மழை பிடித்துத் தை வரை விடாமல் பெய்யும்போது அந்தக் காய்ந்த புல்தான் கைகொடுக்கும்.

மாடு வளர்த்தவர்கள் தடுமாறுகிற இடங்கள் இனித்தான் வருகின்றன. வேலியோரத்துக் கிளிரிசிடியாவை மாடும் ஆடும் ஆசையாகத் தின்னும். மத்திய அமெரிக்காவில் அதே மரத்தின் பட்டையையும் இலையையும் அரைத்துச் சோளத்தோடு கலந்து எலிக்கு விஷமாக வைப்பார்கள். கினிபிக்கும் எலியின் சாதிதான். புல்லுக்கட்டில் ஒரு கொத்து கலந்து வந்தாலும் நான் பொறுக்கி எறிந்துவிடுவேன். நாயுண்ணிச் செடி மாட்டுக்கே ஆகாது, இதற்கு அறவே ஆகாது. வெலிமடையிலிருந்து லொறி லொறியாக வரும் மரக்கறியில் லீக்ஸ், வெங்காயம், உள்ளி இனம் முழுவதும் விலக்கு. உருளைக்கிழங்கின் முளையும் பச்சைப் பகுதியும் விலக்கு. கோவா கொஞ்சமாகப் போடலாம், நிறையப் போட்டால் காற்றுப் பிடிக்கும். சந்தையில் கழித்துப் போட்ட இலைகளை வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போட மாட்டேன். அவற்றில் மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்று விற்கிறவருக்கும் தெரியாது.

தேயிலை மலைக்குள் முளைக்கும் களைக்கும் இதே கணக்கு. 2015இல் அரசாங்கம் கிளைபொசேற் களைநாசினியைத் தடை செய்தபோது மலையெல்லாம் புல் மண்டியது; மாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். இப்போது எந்த மலையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று அடிக்கிறவரிடமே கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த மலைப் பக்கம் போக மாட்டேன்.

மாட்டோடு ஒட்டாத இன்னொரு விஷயம் வைட்டமின் சி. மாடு, ஆடு, நாய் எல்லாம் தங்கள் உடம்பிலேயே அதைச் செய்துகொள்ளும். கினிபிக்கால் முடியாது, மனிதனாலும் முடியாது. இந்த ஒற்றுமைதான் மருத்துவ வரலாற்றில் அதற்கு இடம் வாங்கிக் கொடுத்தது. 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் கப்பல் மாலுமிகளுக்கு வந்த பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிபிக்குகளுக்கு வந்ததோ வேறு நோய்: முரசு வீங்கி, மூட்டு வலித்து, இரத்தம் கசிகிற ஸ்கர்வி. அந்த நோயை ஒரு பிராணியிடம் வரவழைத்துப் பார்க்க முடிந்ததால்தான் எந்த உணவு அதை மாற்றும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது. 1928இல் சென்ற்-ஜியோர்ஜி என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் சி என்று பிறகு உறுதியானதும் கினிபிக்கை வைத்துத்தான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கினிபிக்குக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தினமும் வேண்டும். சினைப்பட்டதுக்கு மேல் எல்லை. தீனிப் பையில் வைட்டமின் சி சேர்த்தது என்று அச்சடித்திருக்கும். பை கடையில் கிடந்து, வீட்டில் திறந்து கிடந்து, காற்றும் வெக்கையும் பட்டால் அதில் பாதிகூட மிஞ்சாது. தண்ணீரில் கரைத்து வைப்பதும் அப்படியே வீணாகும். லயத்துக்குப் பின்னால் நிற்கிற கொய்யா மரத்தில் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஒரு சிறு துண்டு கொய்யா, அல்லது கறிமிளகாயில் ஒரு கீற்று, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, அன்றைய கணக்கு தீர்ந்தது. முருங்கை இலையும் நல்லதுதான், ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம். தினமும் போட்டால் சலப்பையில் கல் கட்டும். கிழமைக்கு ஒருமுறை போதும். பின்காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது, தூக்கினால் கீச்சென்று கத்துகிறது, மயிர் சொரசொரத்துப் போகிறது என்றால் முதலில் கொய்யாவை நினையுங்கள்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்த வருடம், வெளியிலிருந்து வருகிற தீனியின் விலை கையை மீறிப் போனது. தீனியை நம்பி வளர்த்த டவுன்காரர்கள் சிலர் அட்டைப் பெட்டியில் வைத்துத் தங்கள் கினிபிக்குகளை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். புல்லையே பார்த்திராத அவற்றுக்குப் புல் தின்னப் பழக்கியதுதான் அந்த வருடத்து வேலை. ஒரேயடியாக மாற்றினால் கழிச்சல் வரும். தீனியைத் தினமும் கொஞ்சமாகக் குறைத்துப் புல்லைக் கூட்டினேன். என் வளர்ப்பில் இருந்தவற்றுக்கு நாட்டில் நெருக்கடி வந்ததே தெரியாது.

கூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டுக்குப் பத்துச் சதுர அடி தரை வேண்டும். உயரம் தேவையில்லை, அது ஏறுகிற பிராணி இல்லை, ஓடுகிற பிராணி. கம்பி வலைத் தரை கூடாது, உள்ளங்கால் புண்ணாகிப் பழுத்துவிடும். பலகைத் தரையில் உமி அல்லது காய்ந்த புல்லைத் தடிப்பாகப் போட வேண்டும். மரத்தூள் வாங்குவதானால் தச்சுப் பட்டறையில் என்ன மரம் அறுத்தது என்று கேளுங்கள். பைனஸ் தூளின் வாசத்தில் இருக்கிற எண்ணெய் அதன் மூச்சுக்கும் ஈரலுக்கும் கெடுதி. லயத்தில் இடம் இல்லையென்று அடுப்பங்கரையில் வைப்பவர்கள் உண்டு. அந்தீஸில் அப்படித்தான் வைத்தார்கள் என்றாலும், எங்கள் காம்பராவில் விறகுப் புகை போக வழியில்லை. மூக்கொழுகலும் மூச்சிரைப்பும் அங்கேதான் தொடங்கும். இஸ்தோப்பில் சுவரோரம் வைத்து, சாரல் பக்கம் மட்டும் தறப்பாளால் மறைத்தால் போதும். சாரைப்பாம்பும் கீரியும் எலியும் புகாதபடி அரை இஞ்சி வலை அடிக்க வேண்டும். எலி மூத்திரத்தால் எங்களுக்கே எலிக்காய்ச்சல் வரும் என்பதால் சாப்பாட்டு மிச்சத்தை இரவில் கூட்டில் விடுவதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான பகுதி. பிற விலங்குக்கு இரையாகிற பிராணி தன் பலவீனத்தை வெளியே காட்டாது. படுத்துவிட்டது என்று நாம் பார்க்கும்போது நோய் பல நாள் பழையதாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் நாங்கள். தராசைப் படிக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வளர்ந்தது 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஒரு கிழமையில் 50 கிராம் குறைந்தால் பல்லைப் பார்ப்பேன், புழுக்கையைப் பார்ப்பேன், நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்பேன். விடாமல் சொறிந்து, மயிர் கொட்டி, சில சமயம் வலிப்பு வந்ததுபோல் துடித்தால் அது தோலுக்குள் துளைக்கிற சிரங்குப் பூச்சி. ஐவர்மெக்டின் கேட்கும், அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் வீடுகளில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அமொக்சிசிலின் மாத்திரை மிச்சம் இருக்கும். பிள்ளைக்கு இருமல் வந்தால் கொடுக்கிறோம், கோழிக்கும் கரைத்து ஊற்றுகிறோம். கினிபிக்குக்கு அது விஷம். பென்சிலின் குடும்ப மருந்து வாய்வழி போனால் குடலில் நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, சில நாளில் கழிந்து செத்துவிடும். 1940இல் ஒக்ஸ்போர்டில் பென்சிலினை முதலில் சுண்டெலியில் சோதித்தார்கள். அன்று கினிபிக்கில் சோதித்திருந்தால் அந்த மருந்தையே நஞ்சென்று தூக்கிப்போட்டிருப்பார்களோ என்னவோ. எங்கள் பக்கத்து மாட்டு டொக்டர்மார் கினிபிக்கை அதிகம் பார்ப்பதில்லை. கொண்டுபோகும்போது, "ஐயா, இதுக்கு பென்சிலின் ஒத்துக்காதுங்க" என்று மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

குட்டி எடுக்க ஆசைப்படுகிறவர்களை நான் பெரும்பாலும் தடுத்துவிடுவேன். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் கண் திறந்து, மயிர் மூடி, பல்லோடு பிறந்து மறுநாளே புல்லைக் கொறிக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு மாதத்துக்குமுன் ஒருமுறையாவது ஈனாத பெட்டையின் இடுப்பெலும்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு சினைப்பட்டால் குட்டி வெளியே வராது. தாயும் சாகும் குட்டியும் சாகும். ஈன்ற சில மணி நேரத்திலேயே அது மறுபடி கடுவனுக்கு நிற்கும் என்பதால் கடுவனை முன்னமே பிரித்து வைக்க வேண்டும். கடுவன் குட்டிகளை மூன்றாம் கிழமையில் எடுக்காவிட்டால் தாயையே சினையாக்கிவிடும். இவ்வளவும் பார்க்க நேரம் உள்ளவர் குறைவு. ஆகவே நான் கொடுப்பது இரண்டு பெட்டையாகவோ, கூடப் பிறந்த இரண்டு கடுவனாகவோதான். ஒற்றையாகக் கொடுப்பதில்லை. கூட்டமாக வாழ்கிற பிராணியைத் தனியாக வளர்ப்பதை சுவிற்சர்லாந்தில் 2008இலிருந்து சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தனித்த கினிபிக்கின் முகத்தைப் பார்த்தால் போதும்.

இப்போது என்னிடம் அதிகம் வருகிறவர்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாஸான பிள்ளைகளின் பெற்றோர். பரிசாக வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். பத்து வயதில் வாங்கிய கினிபிக், பிள்ளை சாதாரண தரம் எழுதும்போதும் உயிரோடு இருக்கும். உயர்தரம் வரைகூட இருக்கலாம். அதற்குள் பிள்ளை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும், டியூசனுக்குப் போய்விடும், சில பிள்ளைகள் விடுதிக்கே போய்விடும். கூட்டைக் கழுவுகிறதும் கொய்யா நறுக்குகிறதும் காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்புகிற அம்மாவின் தலையில் விழும். அதனால் இனி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையையும் அப்பாவையும் மட்டும் அனுப்பாதீர்கள். அம்மாவும் வந்து பார்த்து, சரி என்று சொன்னால் இரண்டு தருகிறேன். அவர் முடியாது என்றால் பிள்ளைக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.